குப்பை யாருடையது?

காஞ்சிபுரத்து வரலாறு என்றாலே கோயிலையும் பட்டையும்தான் எழுதுகிறார்கள். பல்லவன் கட்டினான், சோழன் கொடுத்தான் என்று கல்வெட்டைக் காட்டுகிறார்கள். இந்த ஊர்க் குப்பைக்கும் ஒரு வரலாறு இருக்கு. அது எங்க ஜனங்க கையில காய்ப்பாகவும் தழும்பாகவும் கிடக்கு. நான் இந்த ஊர்க்காரன். எங்க சொந்தத்துல குப்பை வண்டி தள்ளினவங்க உண்டு.

1866இல் காஞ்சிபுரம் நகராட்சி ஆனது. வெள்ளைக்காரன் சுகாதாரம் பேசினான். வேலைக்கு ஆள் எங்கிருந்து எடுத்தான்? ஊர் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்த சாதிகளிலிருந்துதான். மலவாளியும் துடைப்பமும் சம்பளப் பட்டியலில் ஏறின. பிறப்பால் சுமத்திய இழிவு சர்க்கார் உத்தியோகமானது.

அப்போ வீட்டுக் குப்பை என்பது இலை, சாம்பல், சாணி. குழியில் போட்டால் எருவாகி நிலத்துக்குப் போயிடும். நம்ம ஊர்க் கோயில் இட்லிகூட மந்தாரை இலையிலதான் வேகும். பாலிதீன் வந்த பிறகு குப்பை மண்ணுக்குத் திரும்பவில்லை, மேடாக நின்றது. எங்கே நின்றது? மாட வீதியிலா? ஊருக்கு ஒதுக்குப்புறமாக, திருக்காலிமேட்டில்.

வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்கணும் என்று 2016 விதிகளிலேயே சொன்னார்கள்: மக்குவது தனி, மக்காதது தனி, அபாயமானது தனி. சின்ன வேலைதான். ஏன் நடக்க மாட்டேங்குது? சோம்பல் மட்டும் காரணமில்லை. எச்சிலைத் தொடுவதற்கு வேறொரு சாதி இருக்கு என்ற நினைப்பு அடுப்படி வரைக்கும் ஊறிக் கிடக்கு. எங்க அத்தை சொல்லும்: “சாம்பார், நாப்கின், உடைஞ்ச பல்பு எல்லாம் ஒரே கவர்ல வரும். கை கிழிஞ்சா துணியைச் சுத்திக்கிட்டு வேலை பார்ப்போம்.” மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டம் போட்டார்கள். பிரிக்காத குப்பையைக் கையால் கிளற வைப்பது மட்டும் என்ன கணக்கு?

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு தடை போட்டது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் 48 நாள் அத்திவரதர் தரிசனம். 40 வருஷத்துக்கு ஒரு தடவை குளத்திலிருந்து எழுந்தருளும் சாமி. ஒரு கோடிப் பேர் வந்ததாகச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டில், தட்டு, கவர், செருப்பு என்று தெருவெல்லாம் குவிந்தது. வெளியூர்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்களைக் கொண்டுவந்து இரவு பகலாகப் பெருக்க வைத்தார்கள். வந்தவங்க புண்ணியத்தைத் தூக்கிட்டுப் போனாங்க, குப்பையை யாருக்கு விட்டுட்டுப் போனாங்க?

துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியாச்சு. பல ஊர்களில் வேலை மட்டும் ஒப்பந்தக்காரன் கைக்குப் போயிடுச்சு. மலம் அள்ளுவதைப் புனிதத் தொண்டாக்கிய காந்தியின் வாதத்தை அம்பேத்கர் 1945இலேயே தமது நூலில் கடுமையாக மறுத்தார். பெயரும் புகழ்ச்சியும் கூலியாகாது.

நுகர்வைக் குறைக்கணும் என்கிறார்கள் சுற்றுச்சூழல் தோழர்கள். சரிதான். ஆனா யாருக்கு அந்த உபதேசம்? கிழிந்ததைத் தைத்து, பழசை வாங்கி உடுத்துகிற சேரிக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு நாலு பார்சல் பிரிக்கிற வீட்டுக்குச் சொல்லுங்க. வாங்குவதைக் குறை, மிச்சத்தை உன் கையாலேயே பிரி என்று சொல்லுங்க. குப்பை குறைகிறதைச் சாக்கு வைத்து எங்க ஆட்களை வேலையை விட்டு அனுப்பாதே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. நிரந்தர வேலை, கையுறை, காலணி, பிள்ளைகளுக்கு வேறு தொழில். இதெல்லாம் இல்லாத சுற்றுச்சூழல் இயக்கம் ஊர்த் தெருவை மட்டும்தான் சுத்தமாக்கும்.