சத்து மாத்திரையின் முன்கதை

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படும் சத்து மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கின்றன. இரும்பின் வரலாறு பழையது. சோகையால் வெளுத்த இளம்பெண்களுக்கு இரும்பு உப்பு சேர்ந்த மாத்திரைகளைப் பிரெஞ்சு மருத்துவர் பியர் ப்ளோ 1830களிலேயே கொடுத்து வந்தார். ஃபோலிக் அமிலத்தின் தேடல் தொடங்கிய இடம் இந்தியா.

1920களில் பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகள் பலர் கடும் இரத்தசோகையால் இறந்தார்கள். அவர்களில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் உண்டு. இவர்களின் சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பெருத்திருந்தன. இரும்புக் குறைவில் அவை சிறுத்துப்போகும். ஆகவே இது வேறு வகைச் சோகை. மருத்துவர் மார்கரெட் பால்ஃபரின் அழைப்பில், அந்நகரின் ஹாஃப்கின் ஆய்வு நிறுவனத்தில் நடந்த பேறுகால மரண ஆய்வில் சேர ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் 1928இல் வந்தார். கிருமிகளைத் தேடியதோடு, அந்தப் பெண்கள் என்ன சாப்பிட்டார்கள் என்றும் விசாரித்தார். புரதமும் காய்கனிகளும் குறைந்த உணவை உண்டவர்களையே நோய் அதிகம் தாக்கியிருந்தது. இதைக் கவனித்ததுதான் அவருடைய ஆய்வின் திருப்புமுனை.

1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இன் தொடக்கத்தில் சென்னையில் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே மக்கள் அழைக்கும் திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார். எலிகளுக்கும் பிறகு குரங்குகளுக்கும் அந்த ஏழைகளின் உணவை ஒத்த தீனியைக் கொடுத்துப் பார்த்தார். சோகை கண்ட குரங்கு ஒன்று மார்மைட் கொடுத்ததும் தேறியது. பீர் தயாரிப்பில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும், உப்புக் கரிக்கும் மலிவான சாறு அது. கர்ப்பிணிகளும் அதனால் குணமடைந்தார்கள். 1931இல் முடிவுகளை வெளியிட்டார். குணப்படுத்திய பொருளின் பெயர் தெரியாததால் பிறர் அதை 'வில்ஸ் காரணி' என்றார்கள்.

1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபோலிக் அமிலமே அந்தக் காரணி எனப் பின்னர் தெளிவாயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் வழிநடத்திய குழு 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. மார்மைட் கிடைக்காத கிராமத்துக்கும் மருந்து போய்ச்சேர வழி பிறந்தது அப்போதுதான்.

இந்தியப் பெண்களிடம் இரும்புக் குறைவும் ஃபோலிக் அமிலக் குறைவும் சேர்ந்தே இருப்பதுண்டு. எனவே 1970இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்து இரத்தசோகைத் தடுப்புத் திட்டம் 60 மில்லிகிராம் இரும்பையும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தையும் ஒரே மாத்திரையில் வைத்தது. பின்னர் இரும்பு 100 மில்லிகிராமாக உயர்ந்தது. 2018இன் 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தில் மீண்டும் 60 ஆனது. நான்காம் மாதம் முதல் 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் தினம் ஒன்று சாப்பிட வேண்டும். குமட்டல், மலச்சிக்கல், கறுத்த மலம் ஆகியவற்றால் பயந்து பலர் நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையோடு டீ, காபி குடித்தால் இரும்பு சரியாக உடலில் சேராது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பேறுகாலம் நெருங்கியவர்களுக்கும் இரும்புச்சத்தை இரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினர் சோகையோடுதான் இருந்தார்கள்.