கினி சொன்ன மறுப்பு

1958 செப்டம்பர் 28. தம் தலைமையிலான பிரெஞ்சுச் சமூகத்தில் இணைய ஒப்புகிறீர்களா என்று ஆப்பிரிக்க ஆள்புலங்களை தெகோல் கேட்டார். கினி மட்டுமே மறுத்தது. அதன் தலைவர் செக்கூ தூரே, பிரெஞ்சுப் படையை எதிர்த்து 1898இல் சிறைப்பட்ட சமோரி தூரேயின் வழித்தோன்றலாகத் தம்மைக் கூறிக்கொண்டவர். (அவரது ஆட்சியும் பின்னர் கொடியதாயிற்று, அது வேறு கதை.) அக்டோபர் 2இல் விடுதலை வந்தது, பிரெஞ்சு அதிகாரிகள் வெளியேறினர், உதவி நின்றது. 1960இல் கினி சொந்த நாணயம் வெளியிட்டது.

இசைந்த நாடுகளில் பெரும்பாலானவையும் 1960இலேயே விடுதலை பெற்றன. கொடி மாறியது, கஜானாச் சாவி மாறவில்லை. 1945இல் பிறந்த சி.எஃப்.ஏ. பிராங்க் அவற்றுள் பலவற்றில் நீடித்தது. அந்நியச் செலாவணிக் கையிருப்பில் ஒரு பகுதி பாரிஸ் கருவூலத்தில் கிடந்தது. 1994 ஜனவரியில் அந்நாணயத்தின் மதிப்பு ஒரே நாளில் பாதியாயிற்று. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளை அவ்வைப்பிலிருந்து விடுவிக்கும் உடன்பாடு 2019 டிசம்பரில்தான் கையெழுத்தாயிற்று.