இருபத்தெட்டுப் பவுன் வாழ்க்கை

கல்யாண வீடுகளில் உக்கிராண அறை என்று ஒன்று உண்டு. அரிசியும் வெல்லமும் நெய்யும் அங்கே குவிந்து கிடக்கும். அறைச் சாவியை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்திருப்பார்கள். அவர் அளந்து கொடுப்பார், கணக்கு வைத்துக்கொள்வார். ஆனால் அந்தச் சாமான்களில் ஒரு பிடிகூட அவருடையதல்ல. பைபிளைத் தமிழாக்கியவர்கள் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். லூக்கா சுவிசேஷத்தின் 16-ஆம் அதிகாரத்தில், எஜமானின் சொத்தை நிர்வகிப்பவனுக்கு உக்கிராணக்காரன் என்றுதான் பெயர். நம் கையிலுள்ள பணம் கடவுளுடையது, நாம் அதற்கு உக்கிராணக்காரர் மட்டுமே என்பது கிறிஸ்தவ சமயத்தின் பழைய கொள்கை.

கொள்கையைப் பிரசங்கித்தவர்கள் பலர். அதைத் தம் சொந்த வரவு செலவுக் கணக்கில் ஏற்றிப் பார்த்தவர்கள் சிலரே. அந்தச் சிலரில் ஒருவர் ஜான் வெஸ்லி, மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்தவர்.

வெஸ்லி 1703-ல் இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் பாதிரியார். பெரிய குடும்பம், சிறிய வருமானம். 1705-ல் வாங்கிய கடனைத் தீர்க்க முடியாமல் தந்தை லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். மகனுக்கு அப்போது இரண்டு வயது. இப்படிப்பட்ட வீட்டில் வளர்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போவார்கள்: பணத்தைக் கண்டு பயந்து பூட்டி வைப்பார்கள், அல்லது கிடைத்தவுடன் ஆசை தீரச் செலவழிப்பார்கள். வெஸ்லி மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

அவர் ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்தபோது ஒரு குளிர்கால நாளில் ஏழைப்பெண் ஒருத்தி அவரைப் பார்க்க வந்தாள். மெல்லிய துணி ஒன்றைத் தவிர அவள்மேல் வேறு எதுவும் இல்லை. ஏதாவது கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் கைவிட்டார்; ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அறைச் சுவரை அழகுபடுத்தப் பணத்தைச் செலவிட்டிருந்தார். அந்தப் பெண்ணின் குளிரைப் போக்கியிருக்க வேண்டிய காசு சுவரில் தொங்குகிறதே, இதற்கா எஜமானன் தம்மை நல்ல உக்கிராணக்காரன் என்று மெச்சுவான் என்று அவர் மனம் குத்தியது. அந்தக் குத்தலை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. 1780-களில் ஒரு பிரசங்கத்தில் அதை எழுதி வைத்தார்.

ஆக்ஸ்போர்டு நாட்களைப் பற்றி இன்னொரு கணக்கும் அவர் பிரசங்கத்தில் வருகிறது. தோழர்களில் ஒருவருடையது என்று பெயரில்லாமல் சொல்கிறார்; அது அவரேதான் என்பது பொதுவான கருத்து. முதலாண்டு வருமானம் 30 பவுன். 28 பவுனில் வாழ்ந்து 2 பவுனைத் தர்மம் செய்தார். அடுத்த ஆண்டு 60 பவுன் வந்தது. செலவு அதே 28; தர்மம் 32. மூன்றாம் ஆண்டு 90 வந்தபோது தர்மம் 62 ஆயிற்று. நான்காம் ஆண்டு 120 வந்தது. 92 பவுன் ஏழைகளுக்குப் போயிற்று.

நம்மில் எத்தனை பேர் இப்படிக் கணக்கு எழுதுகிறோம்? சம்பளம் உயர்ந்த மாதமே வீட்டின் தேவைகளும் உயர்ந்துவிடுகின்றன. நேற்றுவரை ஆடம்பரமாக இருந்தது இன்று அத்தியாவசியமாகிவிடுகிறது. வெஸ்லியோ வருமானத்தை ஏறவிட்டார், தேவையை ஏறவிடவில்லை.

பணத்தின் உபயோகம் பற்றிய அவருடைய பிரசங்கம் 1760-ல் அச்சாயிற்று. அதில் மூன்று விதிகள்: முடிந்த அளவு சம்பாதி, முடிந்த அளவு மிச்சம் பிடி, முடிந்த அளவு கொடு. சம்பாத்தியத்துக்கும் எல்லை வகுத்தார். உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்டும், அடுத்தவன் தொழிலைக் கவிழ்த்தும், சாராயம் விற்றும் சேர்க்கிற பணம் கூடாது என்றார். மிச்சம் பிடிப்பது என்றால் வங்கியில் குவிப்பது என்று அவர் கருதவில்லை. பெட்டியிலோ வங்கியிலோ சும்மா கிடக்கும் பணமும் மண்ணில் புதைத்த பணமும் அவருக்கு ஒன்றே.

பிள்ளைகுட்டி இல்லாதவர் எதையும் சொல்லலாம் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். வெஸ்லிக்குப் பிள்ளைகள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் குடும்பத்துக்கு உணவும் உடையும், கடன் தீர்க்கப் பணமும், தொழில் நடத்த முதலும் வைத்துக்கொள்ள அவர் தடை சொல்லவில்லை. அதற்குமேல் வருவது யாருடையது என்பதுதான் அவர் கேள்வி.

கொடுப்பதிலும் அவருக்கு உலக அனுபவம் இருந்தது. 1746-ல் லண்டனில் ஏழைகளுக்கான கடன் நிதி ஒன்று தொடங்கினார். ஒருவருக்கு 20 ஷில்லிங். மூன்று மாதத்துக்குள் வாரத் தவணையில் திருப்பித் தர வேண்டும். முப்பது பவுனுக்குச் சற்று அதிகமான முதல் சுழன்று சுழன்று, ஒன்றரை ஆண்டில் 250 பேருக்கு மேல் உதவிற்று. பிற்காலத்தில் கடனின் அளவு உயர்ந்தது. 1775-ல் ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற செருப்புத் தொழிலாளி அதில் 5 பவுன் வாங்கிப் பழைய புத்தகக் கடையைப் பெருக்கினார். பின்னால் லண்டனின் மிகப் பெரிய புத்தக வியாபாரிகளில் ஒருவரானார். 1791-ல் எழுதிய சுயசரிதையில் மெதடிஸ்டுகளைக் கேலியும் செய்தார்! பிற்பாடு மனம் மாறி வருந்தி எழுதினார் என்பது வேறு கதை.

1776-ல் வெள்ளிப் பாத்திர வரி கேட்டு அதிகாரிகள் வெஸ்லிக்குக் கடிதம் அனுப்பினார்கள். இவ்வளவு புகழ் பெற்றவர் வெள்ளியை மறைத்து வைத்திருப்பார் என்று அவர்களுக்குச் சந்தேகம். லண்டனில் 2, பிரிஸ்டலில் 2, ஆக மொத்தம் 4 தேக்கரண்டிகளே தம்மிடம் உள்ள வெள்ளி, சுற்றிலும் பலர் ரொட்டிக்கு அலையும்போது மேலும் வாங்கப்போவதில்லை என்று பதில் போனது. அப்போது அவர் ஏழையல்ல. மலிவு விலையில் வெளியிட்ட சிறு புத்தகங்கள் எதிர்பாராமல் விற்று, தம்மை அறியாமலே செல்வரானதாக அவரே எழுதியிருக்கிறார்.

முதுமையில் அவரை வாட்டிய கவலை வேறு. பக்தி மனிதனை உழைப்பாளியாகவும் சிக்கனக்காரனாகவும் ஆக்குகிறது. உழைப்பும் சிக்கனமும் செல்வத்தைக் கொண்டுவருகின்றன. செல்வம் வந்ததும் பக்தி வெளியேறுகிறது. 1786-ல் அவர் இதை எழுதினார். மூன்றாம் விதி ஒன்றே இதற்கு மருந்து என்று நம்பினார். ஆனால் 50,000 மெதடிஸ்டுகளில் அந்த விதியைக் கைக்கொள்பவர் 500 பேராவது இருப்பார்களா என்று கடைசிக் காலத்தில் அவரே ஐயப்பட்டார். முதல் இரண்டு விதிகளை யாரும் பிரசங்கிக்க வேண்டியதில்லை. அவை லோபிக்கும் தெரிந்தவையே.

1790 ஜூலையில், இனிக் கணக்கு எழுத இயலாது என்று குறித்துத் தம் வரவு செலவுப் புத்தகத்தை மூடினார். 1791 மார்ச் 2-ஆம் தேதி காலமானார். தம் உடலைச் சுமந்து செல்லும் 6 ஏழைகளுக்கு 6 பவுன் பகிர்ந்து தர வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். ஆளுக்கு ஒரு பவுன். கடைசிச் செலவும் தர்மக் கணக்கிலேயே சேர்ந்தது.