காசில் இருந்த வள்ளுவர்

ஐரோப்பியர் தம் எழுத்தாளர்களுக்குச் சிலை வைத்ததோடு நிற்கவில்லை; உள்ளங்கையில் அடங்கும் வெண்கலப் பதக்கங்களிலும் அவர்கள் முகத்தை வார்த்தார்கள். ஜெர்மானியக் கவிஞர் கேத்தேக்கு அப்படிப் பல பதக்கங்கள் உண்டு. மெழுகில் முகத்தைச் செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். நம் கோயில் திருமேனிகளும் மெழுகிலிருந்தே பிறப்பவை அல்லவா? இப்பதக்கங்களைத் தேடிச் சேர்ப்போர் இன்றும் இருக்கின்றனர்.

நம் புலவர் எவருக்கேனும் இத்தகைய சிறப்புக் கிடைத்ததா? கிடைத்தது, பதக்கமாக அன்று, பொற்காசாக.

தோட்டத்தில் 'துரை' என்றால் நம் பெரியவர்களுக்கு ஒரு நடுக்கம் வரும். எல்லிஸ் துரை வேறு மாதிரியானவர். 1810இல் சென்னைக் கலெக்டரான அவர், தமிழ் கற்றுத் திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினார். 1818இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டுவித்தார். இராயப்பேட்டைக் கோயில் கிணற்றருகே வைத்த கல்வெட்டில் குறளையே பொறித்தார். நாணயச் சாலையும் அவர் பொறுப்பில் இருந்தது. அக்காலத்துப் பொற்காசு ஒன்றில், குடையின்கீழ் ஒருவர் அமர்ந்திருக்கிறார்; மறுபக்கம் ஒரு நட்சத்திரம். பெயர் இல்லை.

1819இல் எல்லிஸ் இராமநாதபுரத்தில் இறந்தார். அமர்ந்திருப்பவர் யார் என்பதும் மறந்துபோயிற்று. பொன்னுக்கு உள்ள ஆபத்து உங்களுக்குத் தெரியும்: கஷ்டம் வந்தால் உருக்கிவிடுவோம். அதிலிருந்து தப்பிய சில காசுகளை 1990களில் ஆராய்ந்த கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன், அவ்வுருவம் திருவள்ளுவரே என்றும், வெளியிட்டவர் எல்லிஸே என்றும் முடிவு கண்டார். நாம் படங்களில் வணங்கும் தாடி வைத்த வள்ளுவர், ஓவியர் வேணுகோபால் சர்மா இருபதாம் நூற்றாண்டில் வரைந்தவர். காசிலுள்ளவரோ அவருக்கு மிகவும் மூத்தவர். தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்த 1995இல், இந்திய அரசும் வள்ளுவர் உருவத்துடன் நாணயம் வெளியிட்டது.

நேயர்களே, யாரோ சிலர் அந்தக் காசை உருக்காமல் வைத்திருந்ததால்தான் இந்த வரலாறு நமக்குக் கிடைத்தது. பெயர் எழுதாததால் ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் அது ஊமையாகவும் இருந்தது.

நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளிலும் தாத்தாவின் பதக்கம், பாட்டியின் பழைய வெள்ளிக்காசு இருக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயன்களை விட்டு வெளியேறியபோது, இத்தகைய பொருள்கள் எத்தனையோ எடைக்குப் போயின. எஞ்சியதையேனும் காப்போம். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் முகமும் எழுத்தும் மழுங்கும். ஒரு துண்டுத் தாளில் யாருடையது, எந்த ஆண்டு, எப்படி வந்தது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லி, அதனோடு வைத்துவிடுங்கள். அந்தத் தாள் இருந்தால், நாளை நம் பேரப்பிள்ளைகள் அதை யாருடையது என்று கேட்டு அலைய வேண்டியதில்லை.