அப்பப் பெட்டியும் அச்சுப் படமும்



கண்டக்குழியில் கழிந்த என் சிறுபராயத்தை எண்ணும்போது முதலில் மனத்தில் வந்து நிற்பது கடலன்று, ஓர் ஓலைப்பெட்டி. அதைத் தலையிற் சுமந்தபடி, விடிந்தும் விடியாத பொழுதில், "அப்பம்... அப்பம்..." என்று மணல் ஒழுங்கையில் கூவி வருவாள் ஒரு சிறுமி. எட்டு வயதிருக்கும். என் வகுப்புத்தான். உம்மும்மா எத்தனை அப்பம் எடுத்தாலும், விரல் மடிக்காமலே மிச்சக் காசைச் சொல்லிவிடுவாள்.

பல ஆண்டுகளின் பின் ஹென்றி மேஹியூ எழுதிய இலண்டன் உழைப்பாளர் பற்றிய நூலைப் படித்தபோது அவள் நினைவு வந்தது. 1849, 1850ஆம் ஆண்டுகளில் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரைகளிலிருந்து வளர்ந்து, 1851இல் வெளிவரத் தொடங்கிய நூல் அது. சுட்ட உருளைக்கிழங்கு விற்பவர், சிப்பிக் கடை, கோப்பிக் கடை என்று தெருவோர உணவு வணிகர் பலரின் சித்திரங்கள் அதில் உண்டு. ரிச்சர்ட் பியர்டின் நிலையம் எடுத்த புகைப்படங்களைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை அவை. அக்காலப் புகைப்படக் கருவிக்கு முன் அசையாமல் நிற்க வேண்டும். தெருவில் அது நடக்குமா? வணிகரை நிலையத்துக்கு அழைத்துப் படமெடுத்தார்கள். பின்னணித் தெருவைச் சித்திரக்காரர் வரைந்து சேர்த்தார். உண்மை என்று நாம் நம்பும் படத்திலும் பாதி கைவேலை!

ஆனால் மேஹியூ படத்தோடு நிற்கவில்லை, வாய்மொழியையும் பதிந்தார். நீர்க்கீரை விற்ற எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் விளையாட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசப் போனவர், திகைத்துப் போகிறார். அவளிடம் குழந்தைப் பேச்சே இல்லை. கீரைக் கட்டின் விலையும் பேரம் பேசும் விதமுமே அவள் அறிந்த உலகம்.

1877இல் ஜோன் தொம்சன், அடோல்ப் ஸ்மித் என்பாருடன் சேர்ந்து இலண்டன் தெரு வாழ்வைப் புகைப்படங்களாக வெளியிடத் தொடங்கினார். அதில் இத்தாலிய ஐஸ் வியாபாரியைச் சூழ்ந்து நிற்கும் சிறுவரைக் காணலாம். வாங்கும் பிள்ளையும் விற்கும் பிள்ளையும் ஒரே தெருவில் வாழ்ந்த காலம் அது.

நம் நாட்டிலும் அந்தக் கண் இருந்தது. பறங்கியர் சமூகத்து ஓவியர் ஜே.எல்.கே. வான் டோர்ட் (1831 - 1898) இலங்கை மக்களின் அன்றாட வாழ்வை வரைந்தார். ஸ்கீன், ஸ்கோவன், பிளேட் முதலான புகைப்பட நிலையத்தார் நம்மவரைப் படமெடுத்து விற்றார்கள். நான் கண்ட தபாலட்டைகளில் 'பழம் விற்பவன்' என்றிருக்கும். அவன் பெயர் இராது. விலை பழத்துக்கு மட்டுமல்ல, அவன் முகத்துக்கும்தான். முகத்தின் விலை அவன் கைக்கு வந்ததா?

எங்கள் கற்பிட்டி மண்ணில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் தொகுத்தார். 1859இல் 'தமிழ் புளூட்டாக்' நூலில் தமிழ்ப் புலவர்களின் பெயர்களைக் காத்துத் தந்தார். ஊருக்கும் புலவருக்கும் ஏடு கிடைத்தது. அப்பக்காரிக்கு?

ஓர் ஏடு இருந்தது, நேயர்களே. எங்கள் வகுப்பு இடாப்பு. ஐந்தாம் வகுப்பில் அவள் வருவது குறைந்தது. ஆசிரியர் பெயரைக் கூப்பிடுவார். "வரல்ல சேர்" என்போம். ஒருநாள் அவர் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். அன்று காலையிலும் நான் அவளிடம் அப்பம் வாங்கித் தின்றுவிட்டுத்தான் பாடசாலைக்குப் போயிருந்தேன். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேஹியூ கேட்டார். அவர் கேட்டதனால்தான் பெயர் தெரியாத அந்தக் கீரைக்காரச் சிறுமி இன்றும் பேசிக்கொண்டிருக்கிறாள்.