நெஞ்சுக்குள்ள அடைக்குது

‘நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது டொக்டர்.’ யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்பவருக்கு மாரடைப்பாக இருக்கலாம், மனத்துயராகவும் இருக்கலாம். எங்கட பேச்சில் நெஞ்சு எண்டால் இரண்டும்தான். போர்க்காலத்தில் இங்கே வேலை செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், துயரம் உடல் நோவாக வெளிவருவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ‘பெருமூச்சு’ என்ற எங்கட சொல்லே அவர் எழுத்தில் ஒரு நோய்க்குறியாக வருகிறது.

இது எங்கட சனத்துக்கு மட்டும் உரிய குணமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பும் நெஞ்சு நோவுமாக வந்த படையினரைப் பார்த்த ஜேக்கப் டா கோஸ்டா, 1871இல் அதைப் பற்றி எழுதினார். ‘படையாளின் இதயம்’ என்ற பெயர் அதற்குப் பிறகு நிலைத்தது.

மற்றப் பக்கக் கேள்வி, அதாவது உண்மையிலேயே இதயம் பழுதானவரின் மனம், பிந்தித்தான் வந்தது. 1993இல் வெளியான ஆய்வுக்காக மொன்ட்ரியலில் நான்சி ஃப்ரேசர்-ஸ்மித் குழுவினர் மாரடைப்பிலிருந்து தப்பிய 222 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் 12 பேர் இறந்தார்கள். மனச்சோர்வு இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு கூட. 2008இல் அமெரிக்க இதயச் சங்கம், இதய நோயாளரிடம் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள் எண்டது: இரண்டு கிழமையாக எதிலும் நாட்டமில்லையா, மனம் சோர்ந்து கிடக்கிறதா?

ஆனால் இதற்கு முந்தியே, 2003இல், 2481 பேரில் செய்த ஆய்வில் மனச்சோர்வுக்கான சிகிச்சை சோர்வைக் குறைத்தது, ஆயுளைக் கூட்டவில்லை. அதைக் காட்டி ‘பிறகேன் கேட்பான்?’ என்பவர்கள் உண்டு. எனக்கு அது விளங்கவில்லை. சோர்வு குறைவது சின்ன விசயமா?

எங்கட கிளினிக்குகளில் சிக்கல் வேறை. நித்திரையில்லை, களைப்பு, சாப்பாடு இறங்கேல்லை என்பவை மாரடைப்புக்குப் பிறகு எவருக்கும் வரும். ஆகவே அந்த முதல் இரண்டு கேள்விதான் முக்கியம். அதையும் புத்தகத் தமிழில் கேட்டால் ‘பரவாயில்லை’ எண்டுதான் பதில் வரும். முந்தி மாதிரிக் கோயிலுக்குப் போறீங்களோ, பேப்பர் பார்க்கிறீங்களோ எண்டு கேட்டுப் பார்க்கலாம். மகளும் மருமகனும் பக்கத்தில் நிற்கும்போது அல்ல, தனிய வைத்து.