விருந்தும் மருந்தும்: தீபாவளி லேகியம் பற்றிச் சில குறிப்புகள்

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். வீட்டில் மிச்சமிருந்த அதிரசத்தையும் முறுக்கையும் டப்பாவில் போட்டு மூடியாகிவிட்டது. வயிறு மட்டும் இன்னும் மூடவில்லை. "லேகியம்தான் இருக்கே, இன்னொரு கரண்டி போட்டுக்கோ" என்றாள் அம்மா. எனக்குச் சர்க்கரை வந்து நாலு வருஷம் ஆகிறது. வெல்லமும் நெய்யும் போட்டுக் கிளறிய மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது எழுதத் தொடங்கிய குறிப்புகள் இவை.

எங்கள் வீட்டுப் பக்குவம் இது: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், தனியா. பொடித்து, வெல்லப்பாகில் போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறி, ஆறியதும் தேன். வீட்டுக்கு வீடு ஒன்றிரண்டு சரக்கு மாறும். முதல் மூன்று மட்டும் அநேகமாக மாறாது. அந்த மூன்றுக்கும் சேர்த்துத் திரிகடுகம் என்று பெயர். சுசுருத சம்ஹிதையிலேயே இந்தக் கூட்டு வருகிறது.

தமிழிலும் இது பழைய சங்கதிதான். பதினெண்கீழ்க்கணக்கில் நல்லாதனார் செய்த நூலின் பெயரே திரிகடுகம். அதே தொகுதியில் சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று இன்னும் இரண்டு நூல்களுக்கும் மருந்துப் பெயர்தான். நீதி நூலுக்கு மருந்துச் சரக்கின் பெயரை வைக்கிறார்கள் என்றால், படிக்கிறவருக்கு அந்தச் சரக்கு முன்பே பழக்கம் என்றுதானே அர்த்தம்?

திப்பிலியின் கதை இன்னும் தூரம் போகிறது. ஆங்கிலப் 'பெப்பர்' என்ற சொல்லின் வேர், திப்பிலியைக் குறித்த 'பிப்பலி' என்ற வடசொல். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி விலை எழுதி வைத்திருக்கிறார்: ஒரு ராத்தல் திப்பிலி 15 தினாரி, கருமிளகு 4. எகிப்தின் பெரனிகே துறைமுக அகழாய்வில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு கிடைத்தது. நாம் தீபாவளிக்கு நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் கட்டச் சொல்லும் சரக்கு, ஒருகாலத்தில் கப்பலேறிப் போன சரக்கு.

லேகியத்தில் மிளகாய் இல்லை என்பதையும் கவனியுங்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக இங்கே வந்தது. அதனால் லேகியம் அதற்கும் முந்தையது என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் மிளகாய் இல்லை என்பது மட்டும் பழமைக்குச் சாட்சி ஆகாது. சரக்குகள் பழையவை என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

இனி, உண்ணும் முறை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்ததும், பலகாரத்துக்கு முன்னால், வெறும் வயிற்றில், சுண்டைக்காய் அளவு. பாட்டி அதற்குமேல் தரமாட்டாள். அதாவது இது தின்றபின் தேடும் மருந்து அல்ல, தின்னும்முன் கட்டும் அணை. நாம்தான் அதைத் தின்பதற்கு உரிமச் சீட்டாக மாற்றிவிட்டோம்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே உண்டு, 95ஆவது. பத்துக் குறளையும் புரட்டிப் பார்த்தேன். ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை! முன்பு உண்டது செரித்ததா என்று பார், பசித்தபின் அளவாக உண் என்பதையே வள்ளுவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

நாள்காட்டியைப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. ஐப்பசி அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும். ஆறு நாள். சிலர் பாலும் பழமும், சிலர் ஒருவேளைச் சாப்பாடு, கடுமையாக இருப்பவர்கள் மிளகு விரதம். இது முருகனுக்கான விரதம். பலகார வயிற்றுக்காக ஏற்படுத்தியது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் விரதம் இருக்கிற வீட்டில் விருந்து தானாகவே முடிந்துபோகும். "விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்று பாட்டி சொல்வாள். நமக்கோ நாலாம் நாளும் டப்பா திறந்தே இருக்கிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பாட்டி வீட்டில் இட்லியே தீபாவளி, பொங்கலுக்குத்தான். வருஷத்தில் சில நாள் வயிறாரத் தின்றவர்களுக்கு ஒரு நாள் மிகை தாங்கும். வெள்ளைச் சர்க்கரைக்கு 'அஸ்கா' என்று பெயர் வந்ததே, அன்றைய சென்னை மாகாணத்துக் கஞ்சம் மாவட்டத்தில் இருந்த அஸ்கா ஆலையால்தான். ஊர்ப் பெயர் சொல்லி வாங்கிய அருமைப் பண்டம் இன்று தினம் மூன்று டம்ளர் காபியில் கரைகிறது. நமக்குத் தினமும் தீபாவளி, லேகியம் மட்டும் வருஷத்துக்கு ஒருநாள்.

அன்று நான் பட்டினி கிடக்கவில்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆபத்தாகிவிடும். லேகியக் கரண்டியைக் கீழே வைத்தேன். ராத்திரி ஏழு மணிக்கு ரசஞ்சாதம் கொஞ்சம், மறுநாள் காலையில் பழையபடி நடை, மிச்சப் பலகாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு. அவ்வளவுதான்.

அம்மாவுக்கு லேசான கோபம். "மருந்துகூட வேண்டாங்கிறியே!" என்றாள். வள்ளுவரைத் துணைக்கு அழைக்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று, சுண்டைக்காய் அளவு மட்டும் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டேன்.